மஞ்சள் எவ்வளவு

மன்னார்குடி பந்தலடியில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
கரண்ட் போய் வந்ததில் ஸ்கேனர்
தன் விளக்கைத் தானே சோதித்துக்கொண்டிருக்கிறது.
பிஸ்கட் டின்னில் நூற்றுப் பதினேழு ஸ்லைடு.
மரியதாஸ் சார் வைத்துவிட்டுப் போனார்:
“மாமனார் எடுத்தது. பயிர்ப் பாதுகாப்பு ஆபீசர்.
ஜீப்பில் ஊர் ஊராய்ப் போய்ப் படம் காட்டுவார்.
நல்லா கலரா வரணும்மா.”

முதல் படத்தில் சட்டைப் பை
வலது மார்பில் இருந்தது.
வெளியே எடுத்து, ஊதி, திருப்பிப் போட்டேன்.
வாய்க்காலும் இடம் மாறிக்கொண்டது.

ஐம்பது வருஷத்தில்
வானத்துக்கும் பயிருக்கும் பொதுவான சாயம்தான்
முதலில் கிளம்பிப் போயிருக்கிறது.
வண்டல் பூமி முழுக்க
செவ்வாழைத் தோல் நிறம்.

வெள்ளை எது என்று காட்டு,
மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது மென்பொருள்.
ஒருவர் வேட்டியைக் காட்டினேன்.
வயலே நீலம் பாரித்தது.
பாமணி ஆற்றில் அலசி அலசிப் பழுத்த வேட்டி அது.
பக்கத்தில் நிற்பவருடையதைக் காட்டினேன்.
எல்லோருக்கும் மஞ்சள் காமாலை.
அவர் வீட்டில்
சொட்டு நீலம் கொஞ்சம் தாராளம் போல.

இருபத்திரண்டாவது ஸ்லைடு.
இரண்டு விரல் பிடித்திருக்கும் ஒற்றை நெல் இலை.
மேலே எள் எள்ளாகப் புள்ளி.
டின்னுக்குள் புகுந்த ஐப்பசி கார்த்திகை ஈரம்,
பிலிமில் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டு
ஹீலிங் பிரஷ்ஷை எடுத்தேன்.
பக்கத்து நல்ல இடத்தைக் கொஞ்சம் அள்ளி
காயத்தின் மேல் பூசும் சாதனம்.
ஒன்றரை மணி நேரம். டீ ஆடை கட்டிவிட்டது.
உர மூட்டையில் அச்சடித்த இலை மாதிரி
பளபளவென்று வந்துவிட்டது.

அப்புறம்தான் அட்டைச் சட்டத்தைப் பார்த்தேன்.
பென்சில் எழுத்து:
செம்புள்ளி நோய். முற்றிய நிலை. வடுவூர். 3-12-71.

பூஞ்சைதான்.
பிலிமில் இல்லை.
ஜீப் பேட்டரி வெளிச்சத்தில்
சுண்ணாம்புச் சுவரில் ஆள் உயரத்துக்குக் காட்டி
‘இந்தப் புள்ளியப் பாத்துக்குங்க’ என்று சொல்வதற்காக
அவர் குனிந்து, மூச்சுப் பிடித்து எடுத்ததை
ஒரு மதியத்தில் குணமாக்கியிருக்கிறேன்.

பின்னால் போ, பின்னால் போ என்று அழுத்தினேன்.
ஐம்பது அடிக்கு மேல் அதற்கு ஞாபகம் இல்லை.
ஐம்பது புள்ளி திரும்பி வந்தது.
மிச்சத்துக்கு மறுபடி ஸ்கேன்.

புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம்.
இலை நோயில் மஞ்சளித்ததா,
சாயம் வயசில் மஞ்சளித்ததா?
என் பெருவிரலைத் திரையோடு சேர்த்து வைத்து
அந்த விரலின் நிறத்தைத் தேடினேன்.
நகக்கண்ணில் சேறு. என்னைவிட
இரண்டு படி கறுப்பு என்று வைத்துக்கொண்டேன்.
எதை வைத்து?
வெயிலை வைத்து என்று சொல்லிக்கொண்டேன்.
சட்டத்தில் நோய்க்குப் பெயர் உண்டு,
ஊருக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு.
விரலுக்கு ஒன்றும் எழுதவில்லை.

போன் செய்தேன்.
“சார், புள்ளி இருக்கட்டுமா?”
“அழுக்கா?”
“நோய் சார்.”
பின்னால் குக்கர் மூன்று தடவை கூவியது.
“ஹால்ல மாட்டறதும்மா.”

இரண்டாகச் சேமித்தேன்.
22-ஹால்.
22-நோய்.
இரண்டாவதற்குக் காசு கேட்கப் போவதில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் நாற்பத்தொன்று வந்தது.
சட்டத்தைத்தான் முதலில் படித்தேன்:
ஆரோக்கியமான பயிர். ஒப்பிட.
இதைத்தானே சாயங்காலம் வரை தேடினேன்.
செருகிப் பார்த்தால்
மூலையிலிருந்து இழை இழையாகக் கிளைத்து
நடு வயல் வரை வந்து
பச்சை இருந்த இடத்தையெல்லாம் தின்றிருக்கிறது
நிஜமான பிலிம் பூஞ்சை.

ஓரத்தில் ஒரு தூர் மட்டும் மிச்சம்.
அதை நானூறு மடங்கு பெரிசாக்கி
உட்கார்ந்திருக்கிறேன்.